கடைக் கொம்பியூட்டரில் எதை விட்டு வருகிறோம்?

உயர்தரப் பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா டவுன்களில் உள்ள கொமியூனிகேஷன் கடைகளில் நிற்க இடமிருக்காது. பிள்ளை சுட்டெண்ணைச் சொல்லும். கடைக்காரர் பெறுபேற்றை பிரின்ட் எடுத்துக் கொடுப்பார். பல்கலைக்கழக விண்ணப்பம், வெளிநாட்டு வேலைக்கான சுயவிபரம், சேமலாப நிதிக் கடிதங்கள் என்று நம் தோட்டத்துக் குடும்பங்களின் முக்கியமான காகித வேலைகள் பலவும் இன்று அந்தக் கடை மேசையில்தான் நடக்கின்றன. லயத்தில் கொம்பியூட்டர் வைத்திருக்கும் வீடு குறைவு. ஆகவே கடைக்குப் போகாதீர்கள் என்று நாம் சொல்லப்போவதில்லை. போய்விட்டு எழுந்து வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதே இம்முறை பாடம்.

அண்மையில் நாங்கள் அப்படியொரு கடையில் உட்கார்ந்து ஈமெயில் பக்கத்தைத் திறந்தோம். எங்கள் பெயரைக் கேட்கவில்லை. யாரோ ஒரு பெண்பிள்ளையின் கடிதப்பெட்டி அப்படியே திறந்து நின்றது. 'டவுன்லோட்ஸ்' என்ற இடத்தில் யார் யாருடையதோ அடையாள அட்டைகள், இரண்டு பக்கமும், சாதாரணதரச் சான்றிதழ்கள், ஒரு கடவுச்சீட்டுப் படம். அந்தக் கடிதப்பெட்டியை மூடிவிட்டு, கடைக்காரத் தம்பியிடம் சொல்லி மற்றவற்றையும் அழிக்கச் செய்தோம். அவர் மேல் குற்றமில்லை. நாளைக்கு நூறு பேர் வந்து போகும் இடம். ஆனால் எங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் யார் இருந்தார், என்ன பார்த்தார் என்று யாருக்குத் தெரியும்?

"அடையாள அட்டை நம்பர்தானே, தெரிஞ்சா என்ன?" என்று சிலர் கேட்பார்கள். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணைக் கவனியுங்கள். முதல் 4 இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்படும். 1998 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண்ணின் எண் 1998532 என்று தொடங்கும். அதே நாளில் பிறந்த ஆணுக்கு 1998032. எண்ணைப் பார்த்தவுடனே வயதும் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். பெயரும் விலாசமும் படமும் அட்டையிலேயே இருக்கின்றன. சிம் எடுக்கவும் வங்கியில் கணக்குத் திறக்கவும் இந்த அட்டையைத்தானே கேட்கிறார்கள்?

சரி, கொம்பியூட்டர் ஏன் இதையெல்லாம் வைத்துக்கொள்கிறது? இணையத்தளங்களைக் காட்டும் குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் போன்றவற்றைப் பிரவுசர் என்கிறோம். அது மூன்று காரியம் செய்கிறது. ஒன்று, செக்ரோல் போடுகிறது. பிரட்டுக்களத்தில் யார் வந்தார் என்று பதிவதுபோல எந்தப் பக்கத்துக்கு எத்தனை மணிக்குப் போனோம் என்று எழுதி வைக்கிறது. இதுதான் ஹிஸ்டரி. இரண்டாவது, நாம் பார்த்த படங்களையும் பக்கங்களையும் கொப்பி எடுத்து வைக்கிறது, அடுத்த தடவை சீக்கிரம் காட்டுவதற்காக. மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: குக்கீ. நாம் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போனதும் இணையத்தளம் ஒரு துண்டு எழுதிக் கொடுக்கிறது. அடுத்த தடவை அந்தத் துண்டைக் காட்டினால் கேள்வி கேட்காமல் உள்ளே விடும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுலி என்பவர் இதை உருவாக்கினார். சொந்த கொம்பியூட்டரில் இது வசதி. கடையிலோ, நமது துண்டை மேசையிலேயே வைத்துவிட்டு வருகிறோம். அடுத்து உட்காருபவர் நம் பெயரில் உள்ளே போகிறார். அந்தப் பிள்ளைக்கு நடந்தது அதுதான்.

இப்போது செய்முறை. முதலில் ஈமெயில், பேஸ்புக் எதுவானாலும் 'சைன் அவுட்' அல்லது 'லொக் அவுட்' அழுத்தி வெளியே வர வேண்டும். ஜன்னலை மூடுவது மட்டும் போதாது. குரோமில் மேல் வலது மூலையில் உங்கள் படமோ பெயரின் முதல் எழுத்தோ தெரிந்தால் அதிலிருந்தும் வெளியேற வேண்டும். அதை விட்டுவிட்டு குக்கீகளை அழித்தாலும் கூகுள் கணக்கு திறந்தபடியே இருக்கக்கூடும். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், டிலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு பெட்டி வரும். அதில் ஹிஸ்டரி, குக்கீ, கேஷ் ஆகியவற்றுக்கு அடையாளமிட்டு அழிக்கலாம். எவ்வளவு காலத்துக்கு என்றும் கேட்கும். அரை மணித்தியாலம் இருந்தவர் 'லாஸ்ட் அவர்' என்று தெரிவு செய்தால் போதும். எல்லாவற்றையும் அழித்தால் கடைக்காரரின் சொந்த வேலையும் போய்விடும், அவரோடு வாக்குவாதம் வேண்டாம். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டால் 'நெவர்' என்பதே பதில்.

இதைவிட இலகுவான வழி, தொடங்கும்போதே தனி ஜன்னல் திறப்பது. குரோமிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என். பயர்பொக்ஸில் கடைசி எழுத்து பி. அந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடியதும் ஹிஸ்டரியும் குக்கீயும் தானாகப் போய்விடும். ஆனால் இது மாயக் கம்பளி அல்ல. போகும் இணையத்தளத்துக்கு நாம் வந்தது தெரியும். இதை மக்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று 2020இல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். சேகரித்த பெருந்தொகைத் தரவுகளை அழிப்பதாக 2024இல் அந்த நிறுவனம் இணங்கியது. அதோடு, தட்டும் எழுத்துகளைக் களவாகப் பதியும் மென்பொருள் கொம்பியூட்டரில் இருந்தால் எந்த ஜன்னலும் காப்பாற்றாது. ஆகவே வங்கிக் கணக்கைக் கடையில் திறக்கவே வேண்டாம்.

மேலே சொன்ன எதுவும் டவுன்லோட் செய்த கோப்பைத் தொடாது. அதைத் தனியாக அழித்து, 'ரீசைக்கிள் பின்'னையும் காலி செய்ய வேண்டும். ஸ்கேன் செய்த அட்டை எங்கே போய் விழுந்தது என்று கேட்டு அதையும் அழிக்கச் சொல்லுங்கள். அட்டைப் படத்தைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரின்ட் எடுக்கிறோமே, அது அவர் போனில் தங்கிவிடுகிறது. "அண்ணே, பிரின்ட் எடுத்தாச்சுதானே, அதை அழிச்சிருங்க" என்று பக்கத்தில் நின்றே சொல்லலாம். பெண்பிள்ளைகள் கூச்சப்பட்டால் அம்மாவோ அண்ணனோ சொல்லட்டும்.

ஏற்கனவே விட்டு வந்தவர்கள் பயப்பட வேண்டாம். வாட்ஸ்அப்பைக் கடையில் திறந்தவர்கள் தங்கள் போனில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்துக்குப் போனால் எந்தெந்த கொம்பியூட்டரில் திறந்திருக்கிறது என்று தெரியும், அங்கிருந்தே வெளியேற்றலாம். கூகுள் கணக்கில் 'செக்யூரிட்டி' பகுதியில் 'யுவர் டிவைசஸ்' என்று இருக்கும், அதிலும் அப்படியே. பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். அனுமதியில்லாமல் இன்னொருவர் கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. யாராவது உங்கள் படத்தையோ கடிதத்தையோ வைத்து மிரட்டினால், வந்த செய்தியை அழிக்காமல் போனிலேயே வைத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர் ஒருவரோடு பொலிசுக்குப் போங்கள்.