காசு வைத்தால் கள்ளத் தகவல் நிற்குமா?

லயத்தில் உள்ள தாய்க்கும், ஓட்டமாவடிக் கடையில் வேலை செய்யும் மகனுக்கும் ஒரே தகவல்: "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு!" அனுப்பச் செலவு குறைவு, அதனால்தான் லட்சம் பேருக்கு அனுப்புகிறான். ஒவ்வொன்றுக்கும் காசு வாங்கினால் என்ன?

இந்தியா செய்து பார்த்தது. ஒரு சிம்மில் நாளுக்கு 100 குறுந்தகவலுக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 பைசா என்று 2012இல் விதித்தார்கள். 2020இல் அதை நீக்கி, விளம்பரம் அனுப்பும் கம்பனிகளைப் பதிவுசெய்யும் முறையை நம்பினார்கள்.

ஆயிரக்கணக்கில் பறிப்பவனுக்கு 50 பைசா பெரிதல்ல. மின்னஞ்சலிலோ, அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் புகுந்து அனுப்புவான். கட்டணம் அப்பாவி தலையில் விழும்.

ஆகவே காசு பாதி வேலிதான். மீதி வேலி நாம். பின் நம்பர், ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீங்க. பரிசுக்கு முன்பணம் கட்டாதீங்க.