சிறு திரையும் பெரும் பதிவும்

படி கொள்ளும் கலத்தில் மரக்கால் நெல் அடங்காது. இவ்வுலகியலைக் கொண்டே, சிறு திரையுடைய மடிக்கணினியால் பெருந்தெளிவுள்ள விளையாட்டுக் காட்சியைப் பதிவு செய்ய இயலாதென நம் மாணாக்கருட் பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய நம் ஊர்களில் மாணாக்கர் பலர்க்கு முதற்கணினியாய் வாய்த்தது அரசினர் அளித்த மடிக்கணினியே. அத்திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நமக்கு அண்மையிலுள்ள காக்களூரில் தொடங்கப்பெற்றது. அக்காலத்து எளிய மடிக்கணினிகளின் திரை பெரும்பாலும் 1366 × 768 புள்ளிகள் கொண்டது. பிளேஸ்டேஷன் போன்ற கருவிகளோ 1920 × 1080 புள்ளிகளில் காட்சி தருவன. முன்னது ஏறக்குறையப் பத்து இலட்சம் புள்ளி. பின்னது இருபது இலட்சத்திற்கு மேல்.

விளையாட்டைப் பதிவு செய்வது வீண்வேலை அன்றோ எனச் சிலர் வினவலாம். டொராண்டோ நகரத்து விசை கேம்ஸ் நிறுவனத்தார் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வெண்பா’ என்னும் விளையாட்டை அவர்க்குக் காட்டுவோம். கனடாவிற் குடியேறிய தமிழ்த்தாய் ஒருத்தி, சிதைந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு தாய்நாட்டு உணவைச் சமைக்கிறாள். அவள் மகனோ தாய்மொழியினின்று விலகிச் செல்கிறான். 2024ஆம் ஆண்டில் பாஃப்டா பரிசு பெற்ற அக்கதை, தமிழ் பயில்வோர் ஆராய்தற்குரியது. நூலை ஆராய்வோனுக்கு ஏடு வேண்டும். விளையாட்டை ஆராய்வோனுக்கோ பதிவே ஏடு. ஏட்டில் எழுத்து மங்கின் ஆராய்ச்சியும் மங்கும்.

நிற்க. திரையைக் கலமெனக் கொண்டதே மயக்கத்திற்குக் காரணம், அது சாளரமேயாம். செம்பரம்பாக்கம் ஏரியைச் சிறு சாளரத்தின் வழியே நோக்கின் ஏரி சுருங்குமோ? காட்சியானது விளையாட்டுக் கருவியினின்று எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே கேப்சர் கார்டை அடைந்து, யூ.எஸ்.பி. வழியே கணினியுட் புகுந்து, சுருக்கப்பெற்று வட்டில் தங்குகிறது. இவ்வழியில் திரைக்கு இடமே இல்லை.

மடிக்கணினியிலுள்ள எச்.டி.எம்.ஐ. துளை பொதுவாகக் காட்சியை வெளியேற்றுவதற்கே அமைந்தது. ஆதலின் கேப்சர் கார்டு இன்றியமையாதது. காட்சியைத் தொலைக்காட்சிக்கும் உடன் அனுப்பும் கார்டாயின் நன்று. கணினித் திரையிற் காட்சி சற்றுத் தாமதித்தே தோன்றும். பிளேஸ்டேஷனில் எச்.டி.சி.பி. என்னும் காப்புப்பூட்டை அமைப்புப் பகுதியில் நீக்குதல் வேண்டும். விளையாட்டின் பொருட்டு உற்பத்தியாளரே இதற்கு இடமளித்துள்ளனர். திரைப்படச் செயலிகள் அப்போது இயங்கமாட்டா. பிறர் படைப்பைக் கவராது கற்பதற்கு இவ்வெல்லை தக்கதே.

இனி, பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்னும் இலவசச் செயலி, முதலிற் கணினித் திரையின் அளவையே தன் வரைதளத்தின் அளவாகக் கொள்ளும். அதனை மாற்றாதுவிடின் பதிவும் 1366 × 768 ஆகவே சுருங்கும். சிற்றெழுத்துகளின் புள்ளியும் சுழியும் கலங்கும். வரைதளம், வெளியீடு என்னும் இரண்டையும் 1920 × 1080 எனக் குறித்தல் வேண்டும். திரையில் தோன்றும் முன்காட்சி சிறிதாயிருப்பினும் வட்டிற் பதிவது முழு அளவினதே.

உண்மைக் கலங்கள் வேறு. நொடிக்கு 60 படம் வீதம் சுருக்காத காட்சி ஏறக்குறைய 249 மெகாபைட் ஆகும். யூ.எஸ்.பி. 2.0 வழியின் உச்சவரம்போ 60 மெகாபைட்டே, யூ.எஸ்.பி. 3.0 இதனைத் தாங்கும். பழைய துளையே உளதாயின், காட்சியைத் தானே சுருக்கி அனுப்பும் கார்டைத் தேர்க. பதிவில் படங்கள் விடுபடின், புள்ளிகளைக் குறையாது, நொடிக்கு 30 படம் எனக் குறைத்தல் நலம்; எழுத்தை ஆராய்வோர்க்கு அது போதும். நொடிக்கு 20 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு மணிக்கு 9 கிகாபைட் இடம் வேண்டும். எம்.கே.வி. வடிவிற் பதிவது காப்பாகும். இடையே மின்சாரம் நின்றாலும் அதுவரை பதிந்தது பெரும்பாலும் பிழைக்கும்.

ஆகவே, புதிய கணினி வாங்கப் பொருளில்லையே என வருந்தும் மாணாக்கர், தம் திரையை அளந்து சோர்தல் வேண்டா. தம் கணினியின் துளையையும் வேகத்தையும் வட்டையும் ஆராய்க. அவை தகுதியுடையனவாயின், சிறு சாளரத்தின் பின்னிருந்தே பெரிய ஏட்டைத் தொகுத்தல் அவர்க்குக் கைகூடும்.