மாலத்தீவில் அலைச்சறுக்கு: எந்த மாதம், எந்தத் தீவு?

மாலத்தீவுக்குச் சறுக்குப் பலகையோடு கிளம்புகிறவர்களில் பலர் பேர்போன ஓர் அலையைக் கேள்விப்பட்டு, டிக்கெட்டும் எடுத்துவிட்டு, அப்புறம்தான் காற்றை விசாரிக்கிறார்கள். முதலில் மாதத்தைப் பாருங்கள், அடுத்து உங்கள் பழக்கத்தை. தீவு தானே முடிவாகிவிடும்.

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் கிளப்பும் நெடிய அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்து இங்குள்ள பவளப்பாறை விளிம்பில் எழுகின்றன. காற்றில்லாத நாளிலும் குமரி, கேரளக் கரைகளில் ஊருக்குள் நீர் புகவைக்கும் கள்ளக்கடலுக்கும் மூலம் அதே கடல்தான். மார்ச் முதல் அக்டோபர் வரை அலைவரத்துக்குக் குறைவில்லை. அந்த அலை சீராக உடையுமா, கலங்கிப்போகுமா என்பது காற்றின் கையில் இருக்கிறது.

வட மாலே அடோல்: மே முதல் செப்டம்பர் வரை

முக்கியமான அலைகள் பவளத்தீவு வளையத்தின் கிழக்கு விளிம்பில் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று இங்கே உடையும் அலைக்கு எதிர்முகமாக வீசி, அதை நிமிர்த்திப் பிடிக்கிறது. தலைநகர் மாலேயிலிருந்து விசைப்படகில் போய்விடலாம். துலுஸ்தூ தீவில் சிக்கனமான விருந்தினர் இல்லங்கள் உண்டு. அங்குள்ள கோகோ கோலா ஆலையால் பெயர்பெற்ற 'கோக்ஸ்' வேகமான வலது அலை, அதாவது சறுக்குபவருக்கு வலப்பக்கமாக உடைந்துகொண்டே போவது. நீர் வற்றும்போது பாறை மிக அருகில் இருக்கும், விழுந்தால் தோல் கிழியும். கால்வாய்க்கு எதிர்ப்புறம் 'சிக்கன்ஸ்', நீண்ட இடது அலை. இடைநிலைக்காரர்களுக்கு 'நிஞ்சாஸ்' இதமானது. குறை ஒன்றுதான்: கூட்டம்.

லாமு அடோல்: கூட்டம் வேண்டாதவர்களுக்கு

உள்நாட்டு விமானத்தில் கத்தூ போக வேண்டும். 'யின் யாங்' என்ற வலது அலைதான் இங்கே பெயர்பெற்றது. ஆள் குறைவு, அலைகளின் எண்ணிக்கையும் குறைவு. காற்று திரும்பிவிட்டால் மாற்றிடம் தேடுவது கடினம்.

ஹுவதூ அடோல்: பிப்ரவரி–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர்

இம்மூன்றில் தெற்கே இருப்பதால் அலை இங்கேதான் முதலில் மோதுகிறது, வலுவும் அதிகம். 'பீக்கன்ஸ்', 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்', 'லவ் சார்ம்ஸ்' எல்லாம் தெற்கு விளிம்பில் இருப்பவை. ஆண்டின் நடுவில் பருவக்காற்று அவற்றைக் கலைத்துவிடும். அதனால்தான் இரண்டு பருவங்கள். பல இடங்களுக்குப் படகிலேயே தங்கிப் போக வேண்டியிருக்கும், செலவு கூடும். பவளப்பாறை அலையில் நல்ல பழக்கம் இல்லாதவர்கள் இதை ஒத்திப்போடுவதே நல்லது.

முன்னறிவிப்பைப் படிக்கும்போது

உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி நொடிக்கணக்கில் தரப்பட்டிருக்கும். ஒரு மீட்டர் அலையே 8 நொடி இடைவெளியில் வந்தால் சாது. 15 நொடியில் வந்தால் ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றலோடு பாறையில் எழும்.

என் பரிந்துரை: முதல் பயணம் என்றால் மே மாதத்தில் வட மாலே. ஜூன், ஜூலையில் அலை பெரிது, அது கைதேர்ந்தவர்களுக்கு. பாறை அலைகள் பழகிய பிறகு ஏப்ரலில் ஹுவதூ. நின்று சறுக்கவே இன்னும் வராதவர்கள் கோவளத்திலோ மகாபலிபுரத்திலோ மணல் அடியுள்ள கரையில் பழகிவிட்டுப் போங்கள். பவளப்பாறை விழக் கற்றுக்கொள்ளும் இடமல்ல.