டிஸ்க் 100%: ஃபார்மேட் செய்துவிடலாமா?

கேள்வி: 2018இல் வாங்கிய லேப்டாப். 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்து அரை மணி நேரம் வரை எதைத் தொட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% காட்டுகிறது. ஆனால் பாதிக்கு மேல் இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த 100%க்கும் காலி இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. டிஸ்க் எவ்வளவு நேரம் ஓய்வில்லாமல் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். 100% ஓடும்போதே ரீட், ரைட் வேகம் நொடிக்கு 1 அல்லது 2 எம்பிதான் இருக்கும். ஹார்டு டிஸ்கில் சுழலும் தட்டின் மேல் ஒரு முனை இங்குமங்கும் நகர்ந்து படிக்கிறது. ஒரு பெரிய சினிமா ஃபைல் என்றால் நொடிக்கு 100 எம்பிகூடத் தரும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்கள் என்றால் நொடிக்கு நூறு தடவை நகர்வதற்குள் திணறிவிடும். மளிகைக் கடையில் ஒற்றை ஆளிடம் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கடுகும் சீரகமும் கேட்கிற கதைதான்.

கேட்பது யார் என்று பார்க்க, பிராசசஸ் பக்கத்தில் டிஸ்க் என்ற தலைப்பைச் சொடுக்குங்கள். பெரும்பாலும் மேலே நிற்பது விண்டோஸ் அப்டேட், தேடலுக்கான இண்டெக்ஸ், டிஃபெண்டரின் வைரஸ் சோதனை. மூன்றும் முடிந்தால் அடங்கிவிடுபவை. தினம் அரை மணி நேரம் மட்டும் ஆன் செய்து மூடுகிறவர்கள் வீட்டில் அவை முடிவதே இல்லை! ஒரு ராத்திரி சார்ஜரில் போட்டு, ஸ்லீப்புக்குப் போகாதபடி செய்து, ஓட விடுங்கள். அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ராமில் ஏற்றிவைக்கும் சிஸ்மெயின் சர்வீஸை நிறுத்திப் பார்க்கலாம், கெடுதல் இல்லை; பெரிய பலனையும் எதிர்பார்க்க வேண்டாம். டிஃபெண்டரை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

அதே பக்கத்தில் மெமரி 90%ஐ ஒட்டி நின்றால் குற்றவாளி ராம். 4 ஜிபியில் இடம் போதாமல் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் எழுதி எழுதிப் படிக்கிறது. குரோமில் பத்து டேப் திறந்தாலே போதும்.

வேறொரு சாத்தியமும் உண்டு. மெஷின் சும்மா இருக்கும்போதும் ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரம் மில்லிசெகண்டைத் தாண்டுகிறதா? டக் டக் என்று சத்தம் வருகிறதா? டிஸ்கே சாகக் கிடக்கலாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 'குட்' என்பதற்குப் பதில் 'காஷன்' அல்லது 'பேட்' என்று காட்டினால், வேறெதற்கும் முன் போட்டோக்களையும் பத்திரங்களையும் வெளி டிரைவுக்கு நகலெடுங்கள். செக்டிஸ்க் ஓட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். நொந்த டிஸ்க் அந்தச் சோதனையிலேயே உயிரை விட்டுவிடக்கூடும்.

ஃபார்மேட் விஷயத்துக்கு வருகிறேன். அதே டிஸ்கில் புது விண்டோஸ் போட்டால் கொஞ்ச நாள் வேகமாக இருக்கும். பிறகு அப்டேட்டுகளும் இண்டெக்ஸும் சேர்ந்து பழையபடி ஆகிவிடும். அந்தக் கூலியை ஒரு எஸ்எஸ்டியில் போடுங்கள். 2.5 அங்குல சாட்டா ரகம் உங்கள் ஹார்டு டிஸ்க் இருக்கும் இடத்திலேயே உட்காரும். நகரும் பாகம் இல்லாததால் சிதறிய ஃபைல்களை நொடிக்குப் பல்லாயிரம் தடவை எடுத்துத் தரும். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யூஎஸ்பி கேஸில் போட்டு போட்டோ சேமிக்க வைத்துக்கொள்ளலாம்.

செலவழிக்கும் முன் பிராசசரையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால், எஸ்எஸ்டி மாட்டும்போதே விண்டோஸ் 11 போடச் சொல்லுங்கள். ராமையும் 8 ஜிபி ஆக்கிவிடுங்கள். கையில் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் எஸ்எஸ்டி.