மடக்குக் கத்தி வாங்குவோர் அறியவேண்டியவை

கத்தியின் பெருமை அதன் முத்திரையில் மட்டும் இல்லை. அலகின் எஃகிலும், பூட்டிலும், வாங்குவோனது வேலையிலும் இருக்கிறது. பெயர்பெற்ற இருவகைக் கத்திகளை ஒப்பிட்டால் இது விளங்கும்.

ஒபினெல்: பிரான்ஸ் தேசத்து ஸவாய் மலைநாட்டில் ஜோஸப் ஒபினெல் என்பவர் 1890-ல் செய்தது. ஓர் அலகும் மரப்பிடியும் உடையது. கரிச்சத்துள்ள எஃகினாலான அலகு எளிதில் சாணை ஏறும். ஆயினும் ஈரத்தோடு மடக்கி வைத்தால் துருப்பிடிக்கும். துருவேறாத எஃகிலும் இக்கத்தி கிடைக்கிறது. அலகு விரல்மேல் மடியாதபடி தடுக்கும் சுழல்வளையம் 1955-ல் சேர்க்கப்பட்டது.

விக்டோரினாக்ஸ்: ஸ்விட்ஸர்லாந்தில் கார்ல் எல்ஸெனர் என்பவர் நிறுவிய பட்டறையினது. 1891-ல் அந்நாட்டுப் போர்வீரர்களுக்கு அளிக்கப்பட்ட கத்தியில் அலகுடன் திருப்புளி, டப்பா திறக்கும் கருவி, துளையூசி ஆகியவை அமைந்திருந்தன. இப்பொழுது துருவேறாத எஃகினால் செய்யப்படுகிறது. சட்டைப்பையில் அடங்கும் சிறு வகைகளில் பெரும்பாலும் அலகுக்குப் பூட்டு இல்லை. ஆதலின் அவற்றால் அழுத்திக் குத்துதல் ஆகாது. கருவிகள் பெருகப் பெருக விலையும் கனமும் ஏறும்.

வாங்குமுன் அலகைத் திறந்து அசைத்துப் பார்க்கவேண்டும், ஆட்டம் கூடாது. மடக்கியபின் அலகு பிடியின் பக்கங்களில் உராயலாகாது.

கயிறு அறுக்கவும், பழம் நறுக்கவும், கிளை சீவவும் மட்டும் கத்தி தேவைப்படுவோர்க்கு ஒபினெல் போதும், விலையும் குறைவு. திருகாணி முடுக்கும் வேலையும் அடிக்கடி உடையோர்க்கு விக்டோரினாக்ஸ் ஏற்றது. பயன்படாத கருவிக்குக் கொடுத்த பணம் நஷ்டமேயாகும். எக்கத்தியாயினும் துடைத்து, உலர்த்தி, கீலில் ஒரு துளி எண்ணெய் விட்டு வைப்பவருக்கே அது நெடுநாள் உழைக்கும்.