வாடிய ஆர்க்கிட்: திருவரங்குளத்துத் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

மல்லிகைப் பதியனும் மா ஒட்டுக்கன்றும் விற்கிற உன் நர்சரிக்கு, பட்டணத்தில் வாங்கிய ஆர்க்கிட் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். திருவரங்குளத்து வெயிலில் இதைப் பிழைக்க வைப்பது ஆகிற காரியமா என்றும் கேட்டிருந்தாய். ஆகும். உன்னைப் போல் இந்தத் தொழிலில் இறங்கியிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் வெயில் பயத்தை விடு. ஆர்க்கிட் என்றால் ஊட்டிக் குளிர் வேண்டும் என்று நம் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். சிங்கப்பூர் 1981-இல் தேசிய மலராக ஏற்றுக்கொண்ட ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ நல்ல வெயிலில் பூக்கிற ஆர்க்கிட். அவ்வளவு தூரம் ஏன்? கிழக்குக் கடற்கரையை ஒட்டிய நம்முடைய வறண்ட காடுகளிலேயே வாண்டா டெசெல்லேட்டா என்ற ஆர்க்கிட் மரக்கிளையைப் பற்றி வளர்கிறது. இதழெல்லாம் பழுப்புக் கட்டம் போட்டிருக்கும், வாசனையும் உண்டு. சிங்கப்பூருக்கும் உங்கள் புதுக்கோட்டைக்கும் உள்ள பெரிய வேறுபாடு காற்றின் ஈரம். சித்திரை, வைகாசியில் இங்கே வீசுவது காய்ந்த காற்று. செடி சோர்கிறது. வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றுகிறார். தேறவில்லை என்றதும் செம்மண்ணும் தொழுவுரமும் போட்டு இன்னும் ஊற்றுகிறார். காற்றுக்குப் பழகிய வேர் அதில் அழுகிவிடுகிறது. அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது, அதனால் இலை மேலும் சுருங்குகிறது. அதைப் பார்த்து மறுபடியும் தண்ணீர். உன்னிடம் வருகிற தொட்டிகளில் பெரும்பாலானவை இந்த வழியாகத்தான் வந்திருக்கும்.

ஆகவே இலையை வைத்து எதையும் முடிவு செய்யாதே. தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார். வேர் சட்டியின் உட்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இழுக்காதே, அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவிடு. அப்படியும் விடாவிட்டால் சட்டியை உடைத்து, வேர் ஒட்டிய ஓட்டுத் துண்டோடு அப்படியே புதிய தொட்டிக்கு மாற்று. சட்டி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

வேரைத் தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார். உயிருள்ள வேர் கெட்டியாக இருக்கும். காய்ந்திருக்கும்போது சாம்பல் வெள்ளை, நனைத்தால் சில நொடியில் பச்சை. அந்த வெள்ளைப் போர்வைக்கு வெலாமென் என்று பெயர். மழையையும் பனியையும் சட்டென்று உறிஞ்சி வைத்துக்கொள்வது அதுதான். செத்த வேரோ அழுத்தினால் நசுங்கும், இல்லாவிட்டால் வெறும் கூடாக அமுங்கும். மேல்தோலைப் பிடித்து இழுத்தால் உறை போலக் கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். நிறத்தை நம்பாதே. பழைய நாரில் கறையேறிப் பழுப்பான வேர்கூட உயிரோடு இருக்கும். விரலுக்குத் தெரிவது கண்ணுக்குத் தெரியாது.

செத்ததை வெட்டு. ஒவ்வொரு செடிக்கும் முன்னால் கத்தரிக்கோலைத் தீயில் காட்டி ஆறவை. ஆர்க்கிட்டைத் தாக்கும் மொசைக் வைரஸ் வெட்டுக்கருவி வழியாகவே செடிக்குச் செடி தாவும், வந்துவிட்டால் மருந்து கிடையாது. தண்டில் வெட்டுப்பட்ட இடத்தில் இலவங்கப்பட்டைத் தூள் தடவலாம். வேரில் தூவாதே, அது ஈரத்தை இழுத்து நல்ல வேரையும் காயவைத்துவிடும். டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட்டில் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டுகளைச் செத்தவை என்று எண்ணி நறுக்குகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அதைச் செய்யாதே. செடியின் நீரும் உணவும் அவற்றில்தான் சேமிப்பாக இருக்கின்றன. நோயாளியின் கடைசிக் கையிருப்பு அது. சில சமயம் அந்த மொட்டைத் தண்டின் கணுவிலிருந்தே குட்டிச்செடி கிளம்பும். தாய் போனாலும் அது நிற்கும்.

வெட்டிய செடியை ஒரு நாள் நிழலில் வைத்துக் காயம் ஆறவிட்டு நடு. கலவைக்கு வெளியூர்ப் பொருள் எதுவும் வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டு, சீமைக்கருவேலக் கரி, உடைந்த ஓடு, மூன்றும் உன் பக்கத்திலேயே கிடைக்கும். மட்டையை மட்டும் சில நாள் ஊறப்போட்டு, சாயமும் உப்பும் போகும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு. பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள மண்சட்டி நல்லது. செடியின் அளவுக்குப் பெரிய சட்டி வேண்டாம், மிஞ்சியிருக்கும் வேரின் அளவுக்குச் சிறியதாகவே எடு. பழைய தண்டு சட்டியின் ஓரத்தை ஒட்டியும், புதுத் துளிர் நடுவைப் பார்த்தும் இருக்கட்டும். ஒரு குச்சி நட்டு அசையாமல் கட்டு. ஆடுகிற செடியில் புது வேரின் நுனி உரசி உரசியே கருகும். நர்சரிகளில் அதிகம் விட்டுப்போவது இந்தக் கட்டுதான்.

ஆடி, ஆவணி இந்த வேலைக்கு நல்ல காலம். அக்னி நட்சத்திரத்திலும் ஐப்பசி அடைமழையிலும் தவிர்த்துக்கொள். ஆனால் வேர் அழுகிக்கொண்டிருந்தால் மாதம் பார்க்காதே.

இனி தண்ணீர். வேர் குறைந்த செடிக்கு வேண்டியது சுற்றிலும் ஈரக்காற்று. ஐம்பது சதவீத நிழல்வலையின் கீழ், தரையில் மணல் பரப்பி அதை நனைத்து வை. சட்டிக்குக் காலையில் மட்டும் ஊற்று, கலவை காய்ந்த பிறகே மறுபடி. ஃபெலனாப்ஸிஸ் வகை ஆர்க்கிட் வந்தால் குருத்துக்குள் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள், குருத்து அழுகினால் மீட்பது கடினம். போர்வெல் தண்ணீர் இலையில் வெள்ளைத் தடம் விட்டால் அந்த உப்பு வேர் நுனியையும் சுடும். பக்கத்தில் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் தண்ணீரைப் பரிசோதிக்க வழியுண்டா என்று கேள். அதைவிட, வடகிழக்குப் பருவமழையைக் கூரையிலிருந்து தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்வது மேல்.

உரம் வேண்டவே வேண்டாம், புது வேர் வரும்வரை. பச்சை நுனியோடு அது எட்டிப்பார்க்க வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை தோண்டிப் பார்க்காமல் இருப்பதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி என்று நினைக்கிறேன். வந்த பிறகும் பாதி வீரியத்தில் கரைத்த உரம் போதும்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இரு. காட்டிலிருந்தோ கோயில் காட்டிலிருந்தோ உரித்துக் கொண்டுவந்த ஆர்க்கிட்டை யார் விற்றாலும் வாங்காதே. அதன் விதை தூசியளவுதான், உள்ளே உணவே கிடையாது, பொருத்தமான பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். ஒரு செடி அந்தக் கிளையில் மறுபடி உண்டாவது அவ்வளவு எளிதல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பக்கத்து மரங்களைச் சாய்த்த கதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி மரத்தோடு விழுந்து கிடப்பதை எடுத்து, பக்கத்தில் நிற்கும் மரத்திலேயே சணல் கயிற்றால் கட்டிவிடு. அது வேறு காரியம். முடிந்தால் ஒருமுறை ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வா. மரத்துண்டிலும் கரியிலும் அவை எப்படி நிற்கின்றன என்று நேரில் கண்டால் மண் போடும் ஆசை விட்டுப்போகும்.

செடியை வாங்கி வைக்கும்போதே உரியவரிடம் வேரைக் காட்டிப் பேசு. கெட்டியான வேர் ஒன்றிரண்டாவது இருந்தால் முயற்சி செய்யலாம் என்று சொல். ஒன்றுமே இல்லாவிட்டால் அதையும் சொல், காசு வாங்காதே. தேறி வரும் செடி, பலம் வருவதற்கு முன்பே பூந்தண்டு விடக்கூடும். அதை நறுக்கிவிட வேண்டியிருக்கும். பூவுக்காக ஏங்கி நிற்பவருக்கு அது மனத்தாங்கலாகும், அதனால் நடும் அன்றே சொல்லி வைத்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்