வாசனை வேறு, சுத்தம் வேறு

தரை துடைக்கும் திரவத்தின் வாசனை நம் எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றுமா? மாற்றும் என்று சொல்லும் இரண்டு ஆய்வுகளை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

நெதர்லாந்தில் ஹாலண்ட், ஹெண்ட்ரிக்ஸ், ஆர்ட்ஸ் ஆகிய மூவரின் ஆய்வு 2005-இல் வெளியானது. எலுமிச்சை இனப் பழவாசனை கொண்ட துடைப்புத் திரவத்தைக் கண்ணில் படாதபடி அறையில் வைத்தார்கள். அங்கிருந்தவர்கள் சுத்தம் தொடர்பான சொற்களை மற்றவர்களைவிட விரைவாக அடையாளம் கண்டனர். மற்றொரு சோதனையில், வாசனை அறையிலிருந்து வந்தவர்களுக்கு எளிதில் நொறுங்கும் பிஸ்கட் தரப்பட்டது. மேசையில் சிந்திய தூளை அவர்களே அதிக முறை தட்டி அகற்றினார்கள். காரணம் வாசனை என்பதை அவர்கள் உணரவில்லை.

அமெரிக்காவில் 2010-இல் வெளியான ஆய்வு பணத்தைப் பற்றியது. நம்பி ஒப்படைத்த 12 டாலரில், சாதாரண அறையில் இருந்தவர்கள் சராசரியாக 2.81 டாலரைத் திருப்பித் தந்தார்கள். சுத்தவாசனை அறையில் இருந்தவர்கள் 5.33 டாலர் தந்தார்கள். ஆனால் இச்சோதனைகளில் பங்குபெற்றவர்கள் மிகச் சிலரே. எனவே இவற்றை எல்லோருக்கும் பொருந்தும் விதியாகக் கொள்ளக் கூடாது.

வாசனைக்கு ஏன் இவ்வளவு வலிமை? நுகர்வுச் செய்தி, உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் மூளைப் பகுதிகளுக்கு மிகக் குறுகிய வழியில் போய்ச் சேருகிறது. எது 'சுத்த வாசனை' என்பது பழக்கத்தால் வருவது. சாணம் தெளித்த வாசலும் சாம்பிராணிப் புகையும் நம் பாட்டிமாருக்குச் சுத்தத்தின் அடையாளம். வெளியூரில் அடுக்குமாடி வீட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஃபினாயிலும் எலுமிச்சையும்தான் அப்படி.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. வாசனை சேர்ப்பதால் மட்டும் கிருமி சாவதில்லை, அழுக்கும் போவதில்லை. வாசனை வரவில்லையே என்று திரவத்தை மேலும் மேலும் ஊற்றுவது வீண்செலவு. ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொல்லையும்கூட. நாற்றம் போகட்டும் என்று பிளீச்சிங் பவுடருடன் கழிவறை ஆசிட்டைக் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சிறு குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் அவர்கள் மொழியிலேயே இதைச் சொல்லி வையுங்கள்.

முதலில் ஜன்னலைத் திறங்கள். பெருக்கி, நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வாசனை அதற்குப் பிறகு வரட்டும்.